பிரேக் ஓஃப் அண்ணன்

"…அது பிரேக் அப், தங்கச்சி. வாவிக்கரையில ஒரு குடைக்குள்ள உக்காந்திருக்கிற ரெண்டு பேரு செய்யிறது. அவங்களே சண்ட போட்டு, அவங்களே அழுது, ஆளுக்கொரு பஸ்ஸில ஏறிப் போயிருவாங்க. அதுக்கு மூணாவது ஆள் தேவையில்ல. நீங்க எழுதச் சொல்றது வேற. ரெண்டு வீட்டு மனுசங்க உக்காந்து, வெத்தில பாக்கு மாத்தி, திகதி குறிச்ச பேச்சு. அத நிப்பாட்டினா பிரேக் ஓஃப். எம்பசிக்காரன் இந்த வித்தியாசத்தப் பாப்பான்."

பலகைக்கு அந்தப் பக்கம் அவர் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் நான் யாருடையதோ அடையாள அட்டையைப் போட்டோ கொப்பி அடித்துக்கொண்டிருந்தேன். கண்டி கோர்ட்டுப் பக்கம் ஒரே கடையைப் பலகை வைத்து இரண்டாகப் பிரித்திருந்தார்கள். ஒரு பாதியில் கொமியுனிகேஷன். போட்டோ கொப்பி, லேமினேட்டிங், போன் ரீலோட் எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான். மறுபாதியில் அவர். சிங்களம், தமிழ், இங்கிலிஷ் மூன்றிலும் மொழிபெயர்த்து, டைப் அடித்து, சீல் குத்திக் கொடுப்பார். நான் ஓஎல் சோதனையோடு படிப்பை நிறுத்தியவள். எனக்கு இன்றைக்குத் தெரிந்த இங்கிலிஷில் பாதி அந்தப் பலகை வழியாகக் காதில் விழுந்ததுதான்.

அன்றைக்கு வந்திருந்த பெண்ணுக்கு லண்டனில் மாப்பிள்ளை. விசாப் பாரத்தில், முன்னால் ஏதும் நிச்சயமாகி நின்றுபோயிருந்தால் அதையும் எழுதச் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு அப்படி ஒன்று இருந்தது. எப்படி எழுதினால் என்ன, நின்றது நின்றதுதானே என்று அவள் சலித்துக்கொண்டாள். அவர் விடவில்லை. மேசை லாச்சியைத் திறக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். ஒரு சொக்லட் கட்டியை எடுத்து, பேப்பரைப் பிரித்து, கோடு விழுந்த இடத்தில் இரண்டு கட்டை விரலையும் வைத்து அழுத்தினார். டக்கென்று முறிந்தது.

"பாருங்க. இந்தப் பக்கமும் முழுசு, அந்தப் பக்கமும் முழுசு. இதுக்குப் பேருதான் பிரேக் ஓஃப். கோட்ட விட்டுட்டு முறிச்சா தூள் கொட்டும். தூள் கொட்டினா எறும்பு வரும். எறும்புன்னா யாரு தெரியுமா? அக்கம்பக்கம்."

ஒரு துண்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, பலகைக்கு மேலே கையை நீட்டி எனக்கும் ஒன்று தந்தார்.

உடைகிற எல்லாவற்றுக்கும் அவரிடம் கணக்கான ஒரு இங்கிலிஷ் சொல் இருந்தது. கடுகண்ணாவ ஏற்றத்தில் பஸ் செய்வது பிரேக் டவுன், கல்யாணப் பேச்சு நின்றதைத் தான் போய்ச் சொன்ன பிறகு அம்மாமார் குசினியில் செய்வதும் அதேதான் என்பார். கள்ளன் யன்னலைக் கழற்றி உள்ளே வந்தால் பிரேக் இன். மழை விட்டதும் டெங்கு கிளம்பினால் பிரேக் அவுட். வந்தவர்கள் இதையெல்லாம் கேட்டுச் சிரிப்பார்கள். பிரேக் ஓஃப் வந்தால் மட்டும் அவர் சிரிக்க மாட்டார். அது அவருடைய சொந்த வேலை.

அந்த வேலை அவரிடம் எப்படி வந்து சேர்ந்தது என்றால், ஒரு தடவை மாத்தளை ரோட்டுப் பக்கமிருந்து வயசான ஓர் அம்மா, மகனுடைய கல்யாணப் பேச்சை நிறுத்த ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லி வந்திருக்கிறார். எழுதி முடித்ததும், "இத யாருப்பா கொண்டுபோய்க் குடுக்கிறது? எனக்குக் காலு நடுங்குது" என்றாராம். இவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு கடிதம் கேட்டு வந்தவர்கள் குறைவு. ஆளையே கேட்டு வந்தார்கள். இந்துக்கள், வேதக்காரர்கள், அக்குறணைப் பக்கத்து முஸ்லிம் வீடுகள், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியில் உத்தியோகம் பார்த்தவர்கள், எல்லாரும் வந்தார்கள். முதுகுக்குப் பின்னால் பிரேக் ஓஃப் அண்ணன் என்பார்கள். அவருக்கும் அது தெரியும்.

போகிற நேரம் எப்போதும் ஒன்றுதான். காலைச் சாப்பாடு முடிந்து, பகல் சோறு அடுப்பில் ஏறுவதற்கு முன்னால். ஒரு வீட்டிலிருந்து வந்த சேலை, மோதிரம் எதுவோ அதையெல்லாம் தட்டில் வைத்து, மேலே ஒரு சீப்பு வாழைப்பழமும் வைத்துத் திருப்பிக் கொண்டுபோவார். போனதும் கதவுக்குப் பக்கத்துக் கதிரையில்தான் உட்காருவார். சுற்றி வளைக்க மாட்டார். இந்தப் பேச்சு இத்தோடு நிற்கட்டும் என்று அந்த வீட்டில் நினைக்கிறார்கள், அதைச் சொல்ல வந்தேன் என்பார். காரணம் கேட்டால் தன்னிடம் அது இல்லை என்பார். யார் மேல் குற்றம் என்று கேட்டால்தான் பதில் வரும்.

"என் மேலன்னு வச்சுக்குங்க. ஏசணும்னா என்ன ஏசுங்க. அதுக்குத்தான் வந்திருக்கேன்."

ஏசினார்கள். அக்குறணையில் ஒரு வீட்டில் பெண்ணுடைய உம்மா ஒரு மணித்தியாலம் நிறுத்தாமல் ஏசினாராம். இவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டிருக்கிறார். கடைசியில் அந்த உம்மாவே, நீங்க எந்த ஊரு, காலையில என்ன தின்டீங்க என்று விசாரித்து, இடியப்பம் வைத்தாராம். "ராத்தாவுக்கு ஏசி ஏசியே பசி வந்துருச்சு. எனக்குந்தான்" என்று அடுத்த நாள் என்னிடம் சொன்னார்.

போனையும் அவர் விட மாட்டார். இப்போதெல்லாம் நிச்சயம் முடிந்த அன்றைக்கே இரண்டு வீடும் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் போட்டுவிடுகிறார்களே. அதிலிருந்து வெளியேறுவதற்கும் அவரிடம் ஒரு ஒழுங்கு இருந்தது. இந்த வீட்டுப் பெரியவர் முதலில், அந்த வீட்டுப் பெரியவர் அடுத்தது, பிறகு வயசுப்படி மாறி மாறி. யாரும் கோபத்தில் முந்தக் கூடாது. ஒரு குரூப்பில் எல்லாரும் போன பிறகும் கட்டாரில் இருந்த ஒரு தாய்மாமன் மட்டும் போகாமல், தினமும் காலையில் ரோசாப்பூப் படத்தோடு குட் மோர்னிங் போட்டுக்கொண்டிருந்தார். ஆளில்லாத வீட்டுக்கு மூன்று கிழமையாகப் பூ. அண்ணன் கட்டாருக்கே கோல் எடுத்து, ஏசாமல், கெஞ்சாமல், அந்த மாமனை வெளியே எடுத்தார். மாமன் உள்ளே இருக்கிறவரைக்கும் அது முறியவில்லை, தொங்கிக்கொண்டிருக்கிறது என்பது அண்ணனுடைய நியாயம்.

ஒரு போனில் சொல்லிவிடலாமே, வெயிலில் எதற்கு அலைகிறீர்கள் என்று நான் ஒரு நாள் கேட்டேன். டைப் அடிப்பதை நிறுத்தாமலே சொன்னார்.

"எனக்கு யாரும் வந்து சொல்லல, தங்கச்சி. கல்யாணத்துக்குக் கோட்டு தைக்கக் குடுத்திருந்தேன். அவ்வளவுதான்."

நான் திரும்பிப் போய் மெஷினுக்குப் பேப்பர் போட்டேன்.

இந்த வேலையால் அவருக்கு ஒரு நட்டம் இருந்தது. கல்யாண வீடுகளுக்கு யாரும் அவரைக் கூப்பிட மாட்டார்கள். மண்டப வாசலில் நின்றுவிட்டாரென்றால் பெண் வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளை எங்கே என்று தேடத் தொடங்குவார்கள். அதனால் அவரே ஒதுங்கிப் போவார். நிச்சயமான வீடு இருக்கிற ரோட்டில்கூடக் கால் வைக்க மாட்டார். எனக்கு நிச்சயமானபோது அம்மா சொன்ன முதல் புத்தியே, பக்கத்துக் கடைக்காரரிடம் திகதியைச் சொல்லிவிடாதே என்பதுதான்.

திகதியை நான் சொல்லவில்லை. ஆனாலும் கல்யாணம் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது, ஏனென்றால் என்னுடைய பேர்த் சர்டிபிகேட்டை இங்கிலிஷில் மாற்ற வேண்டியிருந்தது. மாப்பிள்ளை பல்லேகலயில் ஒரு பெக்டரியில் சூப்பர்வைசர். வீடு குண்டசாலையில். கல்யாணம் முடிந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு அவுஸ்திரேலியா போவதற்குப் பேப்பர் வேலை நடந்தது.

நல்ல மனுசன். குடி கிடையாது, கை நீட்டுகிற ஆளும் கிடையாது. நிச்சயமாகி நாலு மாசம் தினமும் போனில் பேசினார். அந்த நாலு மாசத்தில் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. ஓவர்டைமைப் பற்றிச் சொல்வார், மெஷினைப் பற்றிச் சொல்வார், மெல்பனில் இருக்கிற சிநேகிதனைப் பற்றிச் சொல்வார், பிறகு சரி வைக்கிறேன் என்பார். ஒரு நாள் சோதிக்க வேண்டுமென்றே, இன்றைக்கு பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்துவிட்டேன் என்றேன். "ஆ, சரி" என்றுவிட்டு மெஷினுக்குப் போய்விட்டார். நான் நாள் முழுக்கப் பேசுகிறவள். யார் என்ன சொன்னாலும் இரவு வரைக்கும் ஞாபகம் வைத்துக்கொண்டு, அதை இன்னொருவரிடம் சொன்னால்தான் எனக்கு நித்திரை வரும். ஒரு கேள்வியும் கேட்காத ஒரு ஆளோடு, தெரிந்த முகம் ஒன்றும் இல்லாத ஓர் ஊருக்குப் போகப்போகிறேன் என்று நினைக்கிற நேரமெல்லாம், அங்கே யாரிடம் பேசுவேன் என்று விரல் விட்டுப் பார்த்தேன். ஒரு விரலும் மடங்கவில்லை.

அம்மாவிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். அலட்டாத மாப்பிள்ளை கிடைத்ததற்குக் கோயிலுக்கு நேர்ச்சை வை என்றார். அப்பாவிடம் சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. அவர் முனிசிபலில் முப்பது வருசம் வேலை செய்து பென்ஷன் எடுத்தவர். கட்டுக்கலையில் எங்கள் லேனில் ஒவ்வொரு வீடாக ஏறி, என் மகளுக்குக் கல்யாணம் என்று தானே சொல்லியிருந்தார்.

கல்யாணத்துக்கு இருபது நாள் இருந்தது. நான் லீவு எடுத்துவிட்டேன். ஒரு சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். முன்வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மாவின் விளக்குமாறு சத்தம் சட்டென்று நின்றது.

"என்னங்க, இங்க வாங்க. அவரு வந்துட்டாரு."

எவர் என்று யாரும் கேட்கவில்லை. அப்பா சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டபடி வெளியே போனார். நான் கதவுச் சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கேட்டுக்கு வெளியே பிரேக் ஓஃப் அண்ணன். ஒரு கையில் குடை. மற்றக் கைக்குள் பேப்பரில் சுற்றிய ஒரு தட்டு. அதன் விளிம்பு வெயிலில் பளபளத்தது. எதிர்வீட்டு மாடியில் தையல்கார அக்கா துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

அப்பா கேட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டார், "எங்க புள்ளைகிட்ட அவங்க என்ன கொற கண்டாங்க?"

அந்த நேரம்தான் என் வாயிலிருந்து அது வந்தது. அப்பாடா. மெதுவாக வரவில்லை. தலையிலிருந்த அரிசி மூட்டையை இறக்கி வைத்தவள் விடுகிற மூச்சோடு வந்தது. வெளியே மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அண்ணன் தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"ஐயா, நான் அதுக்கு வரல. தங்கச்சியோட சர்டிபிகேட்டக் குடுக்க வந்தேன். திங்கக்கிழமை வேணும்னு சொன்னாங்க. லேன் முனைக்கு வந்து வாங்கிக்குங்கன்னு மெசேஜும் போட்டேன், பதில் வரல. இந்தத் தட்டு பேராதனைக்குப் போகுது."

என் போன் உள்ளே சார்ஜில் கிடந்தது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அப்பாவும் சிரிக்கப் பார்த்தார். பிறகு இரண்டு பேருக்கும் ஒன்றாகத்தான் ஞாபகம் வந்தது போல. அம்மா என்னைப் பார்த்தார்.

"இப்ப நீ என்ன சொன்ன?"

நான் கதவுச் சீலையை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டேன். அண்ணன் கடித உறையை அப்பாவிடம் நீட்டினார். குடையை விரித்து நாலு எட்டு நடந்தார். அப்படியே போயிருக்கலாம். போயிருந்தால் விக்கல் என்று ஏதோ சொல்லி நான் சமாளித்திருப்பேன், இன்றைக்கு மெல்பனில் ஒரு குசினியில் நின்றுகொண்டிருப்பேன். அவர் நின்றார். குடையை மடக்கிக்கொண்டு திரும்பி வந்து, உள்ளே வரலாமா என்று அப்பாவிடம் கேட்டார்.

கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, எந்த வீடுன்னாலும் புள்ள, பெத்தவங்களுக்கு முன்னால தன் வாயால சொன்னாத்தான் நான் போவேன். இன்னைக்கு என்ன யாரும் கூப்பிடல. ஆனா அந்தச் சத்தத்த நான் கேட்டேன், இவங்களும் கேட்டாங்க. அது எதுக்கு வந்துச்சு?"

எத்தனையோ பேருடைய பேச்சை மனப்பாடம் வைத்திருந்த எனக்கு, அந்த நேரம் என் பேச்சு வரவில்லை. அப்பாவைப் பார்த்தால் வராது என்று தெரிந்து, கதிரையின் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"எனக்கு வேணாம், அண்ணே. அவரு மேல ஒரு குத்தமும் இல்ல. நாலு மாசமா என்கிட்ட ஒரு வார்த்த அவரு கேட்டதில்ல. எனக்கு அங்க போகப் பயமா இருக்கு."

"இதெல்லாம் ஒரு காரணமாடி?" என்றார் அம்மா.

"காரணத்த விடுங்கம்மா. வேணாம்னு சொல்லிட்டாங்க. அது போதும்" என்றார் அண்ணன்.

அப்பா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருக்கும் போல இருந்தது. யன்னல் வழியாக லேனைப் பார்த்தபடி, யாரிடம் என்று தெரியாமல் கேட்டார்.

"ஒவ்வொரு வீட்டுலயும் ஏறிச் சொன்னேனே. இனி இந்த லேன்ல நான் எப்பிடி நடக்கிறது?"

எல்லாவற்றுக்கும் ஒரு சொல் வைத்திருக்கிற அண்ணன் எழுந்து போய், அவரும் யன்னல் வழியாக லேனைச் சந்தி வரைக்கும் பார்த்தார். பிறகு பேராதனைத் தட்டை எங்கள் மேசையில் வைத்துவிட்டு, அந்த வீட்டுக்கு ஒரு கோல் எடுத்து, நாளைக்கு வருகிறேன் என்றார். அப்பா ஒரு தலையசைப்பில் சம்மதம் சொன்னார். அம்மா அலுமாரியைத் திறந்து, நிச்சயத்துக்கு வந்த சேலையையும் மோதிரப் பெட்டியையும் எடுத்து எங்கள் வீட்டுத் தட்டில் வைத்தார். மடிப்புக் கலையாமல் சேலையைச் சரிசெய்தது அண்ணன்தான். போகிற வழியில் பழம் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, குண்டசாலை பஸ் பிடிக்கப் போனார்.

அன்றைய பகல் மாதிரி நீளமான பகலை நான் பார்த்ததில்லை. அம்மா சமைத்தார், யாரும் சாப்பிடவில்லை. அப்பா கதிரையை விட்டு எழும்பவில்லை. லேனில் ஒவ்வொரு திரீவீல் வரும்போதும், மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள்தான் கூட்டமாக வருகிறார்கள் என்று நினைத்து யன்னலுக்கு ஓடினேன். வந்து கேட்டில் நின்று சத்தம் போட்டால் அப்பா தாங்க மாட்டார்.

நாலரைக்கு அண்ணன் தனியாக வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா அழுதாராம். மாப்பிள்ளையின் அப்பா ஏசு ஏசென்று ஏசி, தாகமெடுத்துத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஏசினாராம். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன், அங்கேயே இறக்கியும் வைத்துவிட்டேன், இங்கே ஒருவரும் வர மாட்டார்கள் என்றார்.

"மாப்பிள்ள பஸ் ஹோல்ட் வரைக்கும் என்கூட வந்தாரு. 'அவங்க நல்லா இருக்காங்களா'ன்னு மட்டும் கேட்டாரு. நல்லா இருக்காங்கன்னேன்."

என்னைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி. ஒரு நிமிசம் எனக்குள் என்னவோ செய்தது. ஒரு நிமிசம்தான். பிறகு மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது. எத்தனை நாளாக அரை மூச்சில் இருந்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்குப் பசித்தது. வெட்கமில்லாமல் குசினிக்குப் போய், ஆறிப்போன சோற்றைப் போட்டு நின்றபடியே சாப்பிட்டேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பருப்புச் சட்டியை என் பக்கம் தள்ளினார்.

கையைக் கழுவிக்கொண்டு வந்தபோது அண்ணன் இன்னும் உட்காராமல் அப்பாவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, செருப்பப் போடுங்க. சந்திக் கடை வரைக்கும் போயி ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வருவோம்."

"இப்பயா? எல்லாரும் வாசல்ல நிப்பாங்களே."

"நிக்கிறாங்க. வரும்போது பாத்தேன். வாங்க."

அப்பாவுக்குச் செருப்பு சரியாக மாட்டவில்லை. அண்ணன் குனிந்து வாரைச் சரியாக்கிவிட்டார். நான் கேட்டடிக்குப் போய் நின்றேன். எங்கள் வீட்டிலிருந்து சந்தி வரைக்கும் பதின்மூன்று வீடு. அப்பா தலையைக் குனிந்து, வேகமாகக் கடந்துவிடுகிற மாதிரிக் காலை எடுத்து வைத்தார். அண்ணன் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டார். தையல்கார அக்காவின் வாசலிலேயே அவரை நிறுத்தினார். அக்கா மாடியில் நின்றிருந்தார்.

"அக்கா, இவங்க வீட்டுக் கல்யாணப் பேச்ச இன்னைக்கு நான்தான் போயி முறிச்சிட்டு வந்தேன். ரெண்டு வீட்டுலயும் ஒரு கொறையும் இல்ல. ஏதும் கேக்கணும்னா என்கிட்ட கேளுங்க. திங்கக்கிழம கடையில இருப்பேன்."

அக்காவுக்கு வாய் திறந்தபடி இருந்தது. ஏதோ தலையை ஆட்டினார். அப்பா நிமிர்ந்து, முதலில் அண்ணனைப் பார்த்தார், பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். அண்ணன் பிடித்த முழங்கையை விடாமல் அப்பாவை அடுத்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், கேட்டு மணியை அடித்தார்.